பந்தல்குடிக்குப் போன இரண்டு பந்தல்கள்

என் கைப்பேசியில் அழிக்க மனம் வராமல் வைத்திருக்கும் படம் ஒன்று உண்டு. ஒரு தகரப் பந்தல். அதன் கீழே தலையை விரித்துப்போட்டபடி ஏழெட்டுப் பெண்கள். கையில் ரோஜா மாலையோடு விறைத்து நிற்கும் ஒரு மனிதர். எல்லோருக்கும் நடுவில், வாயில் வேப்பங்குச்சியோடு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் படமெடுப்பவரை முறைத்துக்கொண்டிருக்கும் எண்பது வயதுக் கிழவர். அந்தப் பெண்கள் அழுதது அவருக்காக. அந்த மாலை வாங்கப்பட்டதும் அவருக்காக. பந்தலை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான். அந்த நேரத்தில் நான் அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சென்னைக் கம்பெனியின் காலைக் கூட்டத்துக்காகத் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். என் அம்மாவின் அக்கா அவர். டவுனில் பந்தல், பாத்திரம், நாற்காலி, மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடும் கடையை நடத்துகிறார். பெரியப்பாவும் கடையில் உண்டு. மைக் செட் அவர் பொறுப்பு. முப்பது வருடம் குழாய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றதில் அவருக்குக் காது போய்விட்டது. அதனால் மற்ற பொறுப்பு எல்லாம் பெரியம்மாவின் தொண்டையில் இருந்தது. ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே அவர் கடைக்குள் குரல் கொடுப்பார். அண்டா என்றால் பின்கட்டுக்கு ஒரு சத்தம், நாற்காலி என்றால் மாடிக்கு ஒரு சத்தம், பந்தல் என்றால் வாசலில் லோடு வண்டிக்கு ஒரு சத்தம். எந்த வேலை யாருக்கு என்பதில் அவர் தடுமாறி நான் பார்த்ததில்லை. எதிரில் இருந்த பேக்கரிக்காரர் மட்டும் தன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் பேச வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "உங்களுக்கு வெப்சைட் இல்லையா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனார். உனக்கு வீடு வாசல் இல்லையா என்று கேட்டதுபோல் பெரியம்மாவுக்கு அது உறைத்துவிட்டது. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏத்தா, நீ கம்ப்யூட்டர்லதான இருக்க?"

கம்ப்யூட்டரில்தான் இருந்தேன். ஆனால் அங்கே நான் செய்துகொண்டிருந்தது, யாரோ கட்டிவைத்த பெரிய தளத்தில் பட்டன்களுக்கு நிறம் மாற்றுவது. அடியிலிருந்து ஒரு தளத்தை நான் கட்டியதே இல்லை. அதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. "ரெண்டு வாரத்துல முடிச்சிரலாம் பெரியம்மா" என்று சொன்னேன். அம்மாவின் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்த்ததும், ஒரு வாரம் என்று சொல்லியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

அந்த இரண்டு வாரமும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். தளம் கட்டுவதற்கென்றே தயாராகக் கிடைக்கும் சட்டகங்கள் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் ஒன்று, ரூட்டிங். யாராவது தளத்தில் ஒரு பக்கத்தைத் தொட்டால், அது ஒரு முகவரியாக நம்மிடம் வந்து சேரும். அந்த முகவரியைப் பார்த்து, இது இன்னாருடைய வேலை என்று அனுப்பிவைக்க ஒரு பட்டியல் எழுதவேண்டும். பாத்திரம் என்று வந்தால் பாத்திரத்தைக் கவனிக்கும் நிரல், அதாவது கன்ட்ரோலர்; அதற்குள் இன்ன வேலையைச் செய்யும் மெத்தட். நாற்காலி என்று வந்தால் வேறொன்று. ஊர்ப் பெயர் வந்தால், அந்த ஊருக்கு என்னென்ன பொருள் அனுப்புவோம் என்று காட்டும் மெத்தட். சட்டகம் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படிக்கும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். கீழே அதைவிடப் பொருத்தமான வரி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

பட்டியலின் முதல் வரியாகப் பந்தலை எழுதினேன். கடையின் பெயரே பந்தலில்தான் தொடங்குகிறது. மரியாதைக்காக முதலில் வைத்தேன். முகவரி 'பந்தல்' என்று தொடங்கவேண்டும் என்பதை ஒரு குறி போட்டுச் சொன்னேன். அதே சொல்லோடு முடியவும் வேண்டும் என்று சொல்ல இன்னொரு குறி உண்டு. டாலர் குறி. அதைப் போடவில்லை. தளம் ஓடியது. போடாமலே ஓடுகிற ஒன்றை எதற்குப் போடவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

பந்தல் விஷயத்தில் பெரியம்மாவுக்குத் தனியாக ஒரு கட்டளையும் இருந்தது.

"அண்டா வேணுங்குறவன் ஆற அமர உக்காந்து எழுதட்டும். பந்தல் அப்படி இல்லாத்தா. எழவு வீட்டுக்காரன் ஃபாரம் நெரப்பிக்கிட்டா இருப்பான்? பழைய ஆளுகளுக்கு வெலாசம் நம்மகிட்ட இருக்குல்ல. தொட்டா போதும், பந்தல் போய் நிக்கணும்."

அப்படியே செய்தேன். ஏற்கெனவே எங்களிடம் பொருள் எடுத்தவர்கள் பந்தல் பக்கத்தைத் திறந்தாலே போதும், ஆர்டர் பதிவாகிவிடும். வேறு கேள்வி கிடையாது. இணையத்தில் சும்மா பார்க்க வருகிற கோரிக்கை வேறு, ஒன்றை மாற்றச் சொல்லி வருகிற கோரிக்கை வேறு. இரண்டையும் கலக்காதே என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். அந்த இடம் வரும்போது நான் வேகமாக ஓட்டிவிட்டேன்.

கடைசியில் ஒவ்வொரு ஊராகத் தொட்டுச் சோதித்தேன். திருச்சுழி சரியாக வந்தது. நரிக்குடி, பரளச்சி சரியாக வந்தன. அடுத்ததைத் தொடப்போனபோது அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அன்றைக்குத் தக்காளிச் சோறு. சாப்பிட்டுவிட்டு வந்து, எல்லாம் முடிந்தது என்று பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். தொடாமல் விட்ட ஊர் பந்தல்குடி.

தூத்துக்குடி ரோட்டில் இருக்கிறது அந்த ஊர். அங்கே மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற ஒரு சம்சாரி வீட்டில் பெரியவருக்கு உடம்பு சரியில்லாமல் மதுரையில் சேர்த்து, ஆபரேஷன் முடிந்து கூட்டிவந்திருந்தார்கள். வெயில் கொளுத்தியது. அப்பாவுக்குக் காற்று வேண்டுமே என்று, கல்யாண வீடுகளில் வைக்கும் பெரிய காத்தாடி ஒன்றை வாடகைக்கு எடுக்க நினைத்தார் மகன். முன்பு கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்களிடம் நாற்காலி எடுத்தவர் என்பதால் அவர் விலாசம் எங்களிடம் இருந்தது. ஒரு சாயங்காலம் தளத்தைத் திறந்து தன் ஊரைத் தொட்டார். ஊர்ப் பக்கம் வந்திருந்தால் காத்தாடியைப் பார்த்திருப்பார். ஆனால் வந்த முகவரியின் முதல் பாதி பந்தல். முதல் வரியே பொருந்திவிட்டது. மிச்சம் இருந்த 'குடி'யை யாரும் படிக்கவில்லை. தளம் கொஞ்சம் மெதுவாக இருந்ததால் அவர் இன்னொரு தடவையும் தொட்டார். 'நன்றி, நாளை காலை வந்து சேரும்' என்று திரையில் வந்தது. கண்ணாடி போடாத கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. காத்தாடி வரப்போகிறது என்று படுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு இரண்டு பந்தலுக்கான லோடோடு எங்கள் வண்டி அந்தத் தெருவுக்குள் போனது. மகன் மாத்திரை வாங்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். மருமகள் குழாயடியில் இருந்தார். பேத்தி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியவரோ, டாக்டர் நடக்கக்கூடாது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, விடியுமுன்னே கிளம்பித் தன் பருத்திக் காட்டைப் பார்க்கப் போயிருந்தார். நடந்ததையெல்லாம் பிற்பாடு எங்கள் டிரைவர் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரித்திருக்கிறார்.

"இந்த வீட்டுல பந்தல் போடச் சொல்லிருக்காக."

"ஐயையோ! எப்பய்யா?"

"நேத்துச் சாயந்தரம்."

அவர் சொன்னது ஆர்டர் வந்த நேரத்தை. அந்த அம்மா கேட்டது வேறொன்றை. அடுத்த நிமிடம் அவர் மாரில் அடித்துக்கொண்ட சத்தம் குழாயடி வரை கேட்டது. தன் வீட்டு வாசலிலிருந்து அழுகைச் சத்தம் வருகிறதே என்று மருமகள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கட்டிலில் ஆள் இல்லை, வாசலில் பந்தல் கால்கள். நம்மிடம் சொல்லாமலே தூக்கிவிட்டார்களோ என்று அவரும் விழுந்து அழுதார். எட்டு மணிக்குள் பரளச்சி வரை போன் போய்விட்டது. ஒரு பந்தலைக் கட்டிவிட்டு ஆட்கள் இரண்டாவதுக்குக் குழி தோண்ட ஆரம்பித்தபோது தெருவில் ஒரு குழப்பம். ஒன்று பெரியவருக்கு; இன்னொன்று யாருக்கு? எதிர்வீட்டில் எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இருந்தார். குழி தன் வாசலை நோக்கி வருவதைப் பார்த்துவிட்டு அவர், "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இதற்கு நடுவில்தான் பெரியவர் வேப்பங்குச்சியோடு காட்டிலிருந்து திரும்பி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஓரமாக நின்றவரிடம் மெதுவாக, "யாரு?" என்று கேட்டார்.

"நம்ம பெரியவருதான்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

எதிர்வீட்டுக்காரரைத்தான் சொல்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார். "நேத்துக்கூட நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒப்பாரி வைத்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து அலறினாளே, அந்த அலறலில்தான் உயிரோடு இருப்பவர் இன்னார் என்று ஊருக்குத் தெரிந்தது. டிரைவர் அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்பினார். பெரியம்மா எனக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே போன் செய்தார்.

"ஏத்தா, கெளம்பு. வண்டிய எடு."

ஸ்கூட்டரில் பெரியம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்று: அவர்தான் பந்தலைத் தொட்டிருக்கவேண்டும், அவர் நம்பரிலிருந்துதான் வந்திருக்கிறது, இரண்டு தடவை வந்திருக்கிறது. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஊருக்குள் திரும்பும் இடத்தில் நெடுஞ்சாலைக்காரர்கள் வைத்த பலகை. பந்தல்குடி. அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றுதான் அந்தப் பெயரை முதல்முறையாகப் படித்தேன். அதில் பந்தல் இருந்தது. வண்டி தானாக நின்றுவிட்டது.

"என்னாத்தா நிப்பாட்டிட்ட?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

ஒன்றும் இல்லையா? தக்காளிச் சோற்றுக்காக நான் தொடாமல் விட்ட ஊர் அது.

நாங்கள் போனபோது அங்கே அழுகை முடிந்து சண்டை ஆரம்பித்திருந்தது. மாத்திரையோடு வந்து சேர்ந்த மகனைப் பந்தல் காலோடு சேர்த்து நிறுத்தி வைத்திருந்தார்கள். டிரைவர் அண்ணன் கையிலிருந்த ஆர்டரில் அவர் பெயரும் நம்பரும் தெளிவாக இருந்தன.

"உசுரோட இருக்கையிலயே பந்தலாடா? அதுவும் ரெண்டா?" என்றார் பெரியவர்.

"காத்தாடிப்பா. சாமி சத்தியமா காத்தாடிதான் சொன்னேன்."

"காடு கைக்கு வர்றதுக்கு அவசரம்" என்றார் ரோஜா மாலையோடு நின்றவர். அவர் மருமகளின் அண்ணன், பரளச்சிக்காரர். இந்த வீட்டு வாசலை மிதித்து ஆறு வருடமாகிறது. ஏதோ விசேஷத்துக்கு அடித்த பிளெக்ஸில் தன் படத்தை மட்டும் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவர். நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வராமல் இருக்கமுடியாது என்று மாலையும் கோடித்துணியும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடிவந்திருந்தார். வந்த இடத்தில் செத்தவர் உட்கார்ந்திருந்ததை அவர் தனக்குச் செய்த இரண்டாவது அவமானமாக எடுத்துக்கொண்டார்.

மகன் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பிள்ளை என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

"நீங்களே சொல்லுங்க தாயி. நான் பந்தலா சொன்னேன்?"

நாற்பது வயது மனிதர். பள்ளிப் பிள்ளைபோல் என்னிடம் சாட்சி கேட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், என் தளத்தில் குறை கிடையாது, பெரியம்மாவின் கடைக்குக் கெட்ட பெயர் கிடையாது, என் அம்மாவின் பெருமைக்குச் சேதம் கிடையாது. இவர் மட்டும் காலம் முழுவதும் அப்பன் உயிரோடு இருக்கும்போதே பந்தல் சொன்னவனாக இந்தத் தெருவில் நடந்துபோக வேண்டும்.

"இல்ல. அவுக காத்தாடிதான் பாக்க வந்தாக. தப்பு என்னோடது" என்றேன்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். விளக்க ஆரம்பித்தேன். முகவரி, பட்டியல், முதல் வரி, டாலர் குறி. எழவுக்கு வந்த நாற்பது பேர் முன்னால் ரூட்டிங் பாடம் நடத்தியவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"டாலரா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "அமெரிக்காக்காரனுக்கு நம்ம தெருவுல என்ன சோலி?"

"டாலரு போடாததுக்கே ரெண்டு பந்தல் வந்துருச்சு. போட்டிருந்தா என்னென்ன வந்திருக்குமோ" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பெரியம்மா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பந்தலுக்கு நடுவில் போய் நின்றார். கடையில் கொடுக்கும் அதே குரலில் ஒரு சத்தம் கொடுத்தார்.

"மாரீ..."

லோடு இறக்க வந்த மாரிமுத்து திரும்பினார். கூட்டத்தில் ஒரு மாரியப்பன் திரும்பினார். ஒப்பாரிக்கு வந்த மாரியம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். தெருமுனையில் நின்ற ஓர் ஆடும் திரும்பியது.

"நான் கூப்பிட்டது மாரீசுவரிய" என்றார் பெரியம்மா. "அவ டவுனுல எங்க கடையில அண்டா வெளக்கிக்கிட்டு இருக்கா. நான் முழுப் பேரையும் சொல்லி முடிக்கல. நீங்க எதுக்குத் திரும்புனீக?"

பெரியவர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்ப, முழுப் பேரையும் கேட்டுட்டுத் திரும்புன்னு இந்தப் பிள்ள அந்த மெசினுக்குச் சொல்லல. பந்தல்னு காதுல விழவும் அது எந்திரிச்சு ஓடியாந்துருச்சு. அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான் தாத்தா."

அவர் மகனைப் பார்த்தார். மகன் கையில் மாத்திரைப் பொட்டலம் கசங்கிப்போயிருந்தது. "மொதல்ல அந்த மாத்திரையக் குடு" என்றார். மன்னிப்பெல்லாம் அவர் பேச்சில் அந்த மாதிரித்தான் வரும் போலிருந்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே தண்ணீர் எடுக்கப் போனார். திரும்பி வர வெகுநேரமாயிற்று.

ஆட்கள் பந்தலைப் பிரிக்கக் கயிற்றில் கை வைத்தார்கள். பெரியம்மா தடுத்தார். கட்டிய பந்தலைக் கீழே ஒரு காரியமும் நடக்காமல் பிரித்துக்கொண்டு போனால் கடைக்கு ஆகாது என்று அவருக்கு ஓர் எண்ணம். அப்போதுதான் உள்ளேயிருந்து பேத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். ஆறு வயது. காது மூளியாக இருந்தது. மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும், மாமன்தான் வருவதில்லையே. பெரியவர் பேத்தியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், மாலையோடு ஆட்டோவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த பரளச்சிக்காரரைப் பார்த்தார்.

"ஏலே மாப்ள, எங்க போற? பந்தல் இருக்கு. நீ இருக்க. ஆசாரி ஒருத்தருதான் பாக்கி."

"நான் எழவுக்கு வந்தேன். விசேசத்துக்கு வரல."

"அப்ப நான் சாகுற வரைக்கும் இருந்து, அதையும் பாத்துட்டே போ."

"எனக்கு யாரும் பத்திரிகை வெக்கல."

"யாருக்குமே வெக்கலய்யா" என்றார் பெரியம்மா. "பிளெக்ஸும் அடிக்கல. யாரு படமும் சின்னதா இருக்காது."

பரளச்சிக்காரர் அடுத்த காரணத்தைத் தேடினார். அதற்குள் அவர் தங்கை வந்து, அவர் கையிலிருந்த கோடித்துணிப் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். மாலையை என்ன செய்வது என்று அண்ணன் விழித்தார். "எனக்கு வாங்கினதுதான? கொண்டா" என்று பெரியவர் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "மாமா, அதப் போடாதீக!" என்று மருமகள் உள்ளேயிருந்து கத்தியது அவர் காதில் விழவில்லை.

காலண்டரைப் பார்த்தார்கள். நல்ல நேரம் இருந்தது. எங்கள் லோடு வண்டி அருப்புக்கோட்டைக்குப் போய் ஆசாரியையும், அண்டாவையும், அரிசி பருப்பையும், மைக் செட்டோடு பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு வந்தது. என்ன விசேஷம் என்று அவருக்குக் காதில் விழவில்லை. எதற்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நாதசுரத்தைப் போட்டுவிட்டார். பன்னிரண்டு மணி வரை தூரத்துச் சொந்தங்கள் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையிலேயே அவர்களை நிறுத்தி, "அழாதீக, காதுகுத்து" என்று சொல்லி முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து அனுப்பப் பெரியம்மா ஓர் ஆளை நிறுத்தினார். அந்த ஆள் நான்.

ஊசி இறங்கும்போது பிள்ளை ஒரு தடவை வீரிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவளை மடியில் வைத்திருந்தவர்தான் நிறுத்தவில்லை. ஆறு வருடத்தையும் சேர்த்து அழுதார். பிள்ளை அண்ணாந்து அவரைப் பார்த்து, "மாமா, ஒங்களுக்கும் குத்திட்டாகளா?" என்று கேட்டாள். காத்தாடியும் அந்த வண்டியிலேயே வந்திருந்தது. பெரியவரின் மாலை அந்தக் காற்றில் உதிர்ந்து பாயசத்தில் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது மூன்று மணி. அனல் காற்று. இரண்டு பக்கமும் வேலிக்கருவேல். எதிரே வரும் லாரிகளின் ஹார்னில் பெரியம்மா பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. திட்டுகிறார் என்று நினைத்துக் குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். திட்டவில்லை.

"தப்பு எம்பேர்லயும் இருக்குத்தா. பந்தலுன்னு யாரு சொன்னாலும் நான் திருப்பி ஒரு போன் போடுவேன். யாருக்கு, என்ன, எத்தன இலை சாப்பாடுன்னு கேட்டுட்டுத்தான் வண்டிய விடுவேன். நேத்து போடல. கம்ப்யூட்டரு சொல்லிருச்சே, அது தப்பாவா சொல்லும்னு இருந்துட்டேன்." ஒரு லாரி கடந்தது. "நீ ஒத்துக்கிட்ட பாரு. நானா இருந்தா அந்தப் பய மேலதான் போட்டிருப்பேன்" என்றார்.

அவர் அப்படிச் செய்திருக்கமாட்டார். அது எனக்குத் தெரியும். என் மனசு லேசாகட்டும் என்று சொன்ன பொய் அது.

வீட்டுக்கு வந்ததும் டாலர் குறியைப் போட்டேன். பார்க்க வருகிற கோரிக்கையையும் மாற்றச் சொல்கிற கோரிக்கையையும் பிரித்தேன். எல்லா ஊரையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் சாப்பிட்டேன். பெரியம்மாவிடம், இனிமேல் தளம் தப்புச் செய்யாது, ஒவ்வொரு ஆர்டருக்கும் போன் போடத் தேவையில்லை என்று சொன்னேன். சரி என்றார். போடுவதை நிறுத்தவில்லை. ஆன்லைனில் யார் எதைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்துக்குள் அவர் போன் போய்விடும். நெசமாத்தான் வேணுமா, யாருக்கு, என்ன விசேசம்.

என் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் நரிக்குடிப் பையனும் நானும் கல்யாணம் செய்துகொள்வது என்று இரண்டு வருடமாகவே முடிவு செய்திருந்தோம். வீட்டில் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அப்பாவிடம் எப்படித் தொடங்குவது, அம்மாவிடம் எந்தச் சொல்லை முதலில் சொல்வது என்று யோசித்தே நாள் போனது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கட்டிய தளத்தை நானே திறந்தேன். பந்தலைத் தொட்டேன். ஊர் அருப்புக்கோட்டை. விலாசம் எங்கள் வீடு. கல்யாணம் என்று போட்டு அனுப்பினேன். மூன்று நிமிடத்தில் போன் வந்தது.

"ஏத்தா, ஒங்க வீட்டு வெலாசத்துல கல்யாணப் பந்தல்னு ஒண்ணு வந்திருக்கு. மறுபடியும் கோளாறா?"

"கோளாறு இல்ல பெரியம்மா. நெசந்தான்."

"யாருக்கு?"

"எனக்கு."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. யாரோ அண்டாவை உருட்டினார்கள். பெரியம்மா யாரையோ சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். நரிக்குடிப் பையனைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"ஒங்க அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். "எத்தன இலை?"